பொக்காராவை ஒற்றை இரவாகச் சுருக்காதீர்கள்: முக்திநாத் யாத்திரை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னையில் முக்திநாத் யாத்திரை நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வரும் பருவத்துக்கான உங்கள் நோட்டீஸ்கள் பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கமெல்லாம் ஒட்டியாகிவிட்டது. பெயரும் கைப்பேசி எண்ணும் வேறு வேறு. பயணத் திட்டம் மட்டும் ஒரே அச்சில் வார்த்தது. முன்பு, முக்திநாத் வழியில் உள்ள நேபாள நகரமான பொக்காராவில் போகும்போது இரண்டு இரவாவது இருந்தது. இப்போது இரவு பத்து மணிக்கு அங்கே போய் இறங்கி, விடியற்காலை நான்கு மணிக்கு ஜீப் ஏற வேண்டும். அன்று மாலையே முக்திநாத் கோயிலடி ஊரான ராணிபௌவா, அங்கேயே படுக்கை. மறுநாள் காலை தரிசனம், உடனே இறக்கம், நள்ளிரவுக்குள் மறுபடி பொக்காரா. அடுத்த நாள் காலை இரண்டே மணி நேரத்தில் பேவா ஏரி, விந்தியவாசினி, தேவி அருவி, குப்தேஷ்வர் குகை, உடனே பஸ். இரண்டு நாளைக் குறைத்ததால் கட்டணமும் குறைந்தது என்று அதையே கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்திருக்கிறீர்கள்.

இந்தத் திட்டத்தை மாற்றும்வரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதீர்கள் என்று கேட்கவே இந்த மடல். எழுதுகிறவர்கள் அந்த வழியைப் பல தடவை போய்வந்தவர்கள். உங்கள் தொழிலைக் கெடுக்கும் எண்ணம் இல்லை. ராயபுரத்துப் பாட்டி ஒருவர் தனியாக நேபாளம் போய்ப் பெருமாளைச் சேவிப்பது நடக்காத காரியம். நீங்கள் இருப்பதால்தான் நடக்கிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறோம்.

உங்களோடு வருகிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும். பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். மூட்டுவலி, ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஏதாவது ஒன்று இல்லாதவர் குறைவு. 108 திவ்ய தேசங்களில் பூமியில் சேவிக்கக்கூடியவை 106. அவற்றில் இந்தியாவுக்கு வெளியே இருப்பது சாளக்கிராமம் என்னும் முக்திநாத் ஒன்றுதான். திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரம் பாடிய தலம். நூற்றைந்தையும் முடித்துவிட்டு இந்த ஒன்றுக்காக மாதாமாதம் தவணை கட்டியவர், 'எனக்கு முடியவில்லை, நீங்கள் போய்வாருங்கள்' என்று பாதி வழியில் நின்றுகொள்ள மாட்டார். தலைவலியை மறைப்பார். மூச்சு வாங்குவதை வயசு என்பார். இப்படி வாயைத் திறக்காத கூட்டத்தை அழைத்துப் போகிறவருக்குக் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு உயரத்தில் தொடங்குகிறது. 'பொக்காராவில் ஒரு ராத்திரி படுத்தாலே மலைக்காற்று பழகிவிடும்' என்று உங்களில் சிலர் சொல்லிவருகிறீர்கள். தவறு. பொக்காரா இருப்பது பள்ளத்தாக்கில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 820 மீட்டரில். ஏற்காடே 1,500 மீட்டர், ஊட்டி 2,240. பனிமலை கண்ணெதிரே நிற்பதால் நாமும் மலைமேல் நிற்பதுபோல் தோன்றும். உடம்பைக் கேட்டால் பொக்காரா மலையே இல்லை. ஆனால் முக்திநாத் வழியில் உள்ள ஜோம்சோம் 2,740 மீட்டர், நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவைவிட நூறு மீட்டர் கூடுதல். முக்திநாத் கோயில் இருப்பது 3,700 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். காசிமேட்டுக் காற்றிலேயே எழுபது வருஷம் ஓடிய நுரையீரலை அதற்குள் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள்.

இதில் பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட இரவு எங்கே படுத்தோம் என்பதே முக்கியம். முதல் நாள் படுக்கை 2,800 மீட்டருக்குள் இருந்தால் ஆபத்து குறைவு. ஒரே நாளில் 3,500 மீட்டரைத் தாண்டிப் போய்ப் படுப்பது யாராக இருந்தாலும் அதிக ஆபத்து என்பதுதான் உயர்மலை மருத்துவத்தின் வழிகாட்டுதல். 3,000 மீட்டருக்கு மேல் இரவுக்கு இரவு 500 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. உங்கள் புதிய திட்டம் காலையில் 820 மீட்டரில் எழுப்பி, இரவு 3,700 மீட்டரில் படுக்க வைக்கிறது. இருபத்தைந்து வயது இளைஞனுக்கே அது கூடாது.

வழியைப் பாருங்கள். பொக்காராவிலிருந்து பேனி சுமார் 80 கிலோமீட்டர், பேனியின் உயரமும் ஏறத்தாழப் பொக்காரா அளவுதான். பிறகு காளி கண்டகி ஆற்றின் ஓரமாகவே ஏற்றம்: வெந்நீர் ஊற்றுள்ள தாத்தோபானி 1,190 மீட்டர், காசா 2,000, காலோபானி 2,500, ஆப்பிள் தோட்டங்களுக்குப் பேர்போன மார்பா 2,670, அதைத் தாண்டி ஜோம்சோம், காக்பேனி. காக்பேனியிலிருந்து ராணிபௌவாவுக்கு மீதி இருப்பது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்; அந்தச் சின்னத் தூரத்தில் மட்டும் 900 மீட்டர் ஏற்றம். ஆகவே நிறுத்த வேண்டிய இடம் எது என்று பாதையே சொல்கிறது. முதல் இரவு காலோபானி, மார்பா, ஜோம்சோம் இவற்றில் ஒன்றில் படுக்கட்டும். மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகு முக்திநாத் போய்ச் சேவித்துவிட்டு, அன்று மாலையே கீழே இறங்கி மறுபடி அதே ஊரில் படுக்கட்டும். ராணிபௌவாவில் யாரும் தூங்கவே வேண்டாம். கூடுதலாக ஆகும் செலவு ஓர் இரவு லாட்ஜ் வாடகையும் அந்த நாளின் ஜீப் படியும்தான். நீங்கள் மிச்சம் பிடித்திருப்பதும் அதைத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் பதினொன்றைத் தாண்டினால் தெற்கிலிருந்து பலத்த காற்று கிளம்பிவிடும். வெயில் ஏற ஏற, வடக்கே உள்ள உலர்ந்த முஸ்தாங் மேட்டுநிலம் சூடாகிக் கீழேயிருந்து காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. அன்னபூர்ணாவுக்கும் தவுளகிரிக்கும் நடுவே உள்ள இடுக்கில் அது வேகம் பிடிக்கிறது. ஜோம்சோமுக்கு விமானம் காலையில் மட்டுமே பறப்பது இதனால்தான். பிற்பகலில் மேலே போய்ச் சேரும் கூட்டத்துக்குக் கண்ணிலும் மூக்கிலும் மணல்தான் மிஞ்சும். ஜீப் நிறுத்தத்திலிருந்து கோயிலுக்கு நடையும் படியும் உண்டு. இளைஞருக்கே இருபது நிமிடம், மூட்டுவலிக்காரருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். குதிரை கிடைக்கும், ஆனால் பிடித்துக்கொண்டு உட்காரத் தெம்பில்லாதவரை அதில் ஏற்றாதீர்கள்.

உயர நோய் எப்படி வரும் என்பதை உங்கள் வழிகாட்டிகள் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். ஏறிய ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், சாப்பாட்டில் வெறுப்பு, தூக்கமின்மை: இது தொடக்கம். இத்தோடு நின்றால் மேலே ஏறாமல் ஓய்வெடுத்தாலே பெரும்பாலும் தணியும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமல், மார்பில் கரகரப்பு வந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது என்று பொருள். நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது மூளை வீங்குவதன் அடையாளம். இந்த இரண்டில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்திலேயே கீழே இறக்க வேண்டும். ராணிபௌவாவில் இரவு இரண்டு மணிக்கு ஜீப் டிரைவரை எழுப்பி அந்தச் சாலையில் இறங்கச் சொல்வது எவ்வளவு எளிது என்பதை நீங்களே யோசியுங்கள். அங்கே படுக்க வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

பஸ்ஸில் கற்பூரம் முடிந்த கைக்குட்டை கொடுக்கிறீர்கள். மோந்தால் மூக்கு திறந்ததுபோல் இருக்கும். ரத்தத்தில் ஒரு சொட்டு ஆக்சிஜன்கூட அதனால் ஏறாது. கையடக்க ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் காலியாகிவிடும், அதை நம்பி ஒருவரை மேலேயே வைத்திருக்க முடியாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பயனுள்ளதுதான், ஆனால் விரல் சில்லிட்டிருந்தால் எண் பொய் சொல்லும். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு பாருங்கள். அந்த உயரத்தில் நல்ல உடம்புக்காரருக்கே எண்பத்தைந்து, தொண்ணூறு என்று காட்டும். எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், எண் நன்றாக இருக்கிறதே என்று தள்ளாடுகிறவரை விட்டுவிடவும் வேண்டாம். உயர நோய் வராமல் தடுக்கப் போடும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் பஸ்ஸில் சுண்டல்போல் விநியோகிக்கும் வழக்கத்தை இன்றே விடுங்கள். சல்பா மருந்து ஒவ்வாதவருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் அது கெடுதல் செய்யும். யாருக்கு வேண்டும், எத்தனை மில்லிகிராம் என்பதை ஊரிலேயே அவரவர் டாக்டர் முடிவு செய்யட்டும்.

கோயிலின் பின்புறம் அரைவட்டமாக இருக்கும் 108 தாரைகளையும் சொல்லியாக வேண்டும். பனி உருகி வரும் நீர். அதில் ஓடி ஓடி நனைந்து, முன்னால் உள்ள இரண்டு குண்டங்களிலும் முங்கி எழ வேண்டும் என்று எல்லோரையும் உசுப்பிவிடுகிறீர்கள். சில்லென்ற நீர் பட்டதும் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், ஆக்சிஜன் குறைந்த இடத்தில் இதயத்துக்கு அது இரட்டைச் சுமை. ஸ்டென்ட் வைத்தவருக்கும் அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கும் தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்பதை ஊரிலேயே பட்டாச்சாரியார் வாயால் சொல்ல வையுங்கள். அங்கே போன பிறகு நாம் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இனி பொக்காரா. உயரம் பழக அந்த ஊர் உதவாது என்றால் இரண்டு இரவு எதற்கு என்று கேட்பீர்கள். கோரக்பூர் வரை இரண்டு இரவு ரயில், அங்கிருந்து சுனௌலி எல்லை, பிறகு புட்வல், பால்பா வழியாக வளைந்து வளைந்து 180 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. ஏழு மணி நேரம் என்று நோட்டீஸ் சொல்லும், ஒன்பதும் ஆகும். இறங்கும்போது கால் வீங்கியிருக்கும், வழியில் கழிப்பறை இருக்காதே என்று பாதிப் பேர் தண்ணீரே குடித்திருக்க மாட்டார்கள். உடம்பில் நீர் வற்றிய நிலையில் மேலே ஏறினால் தலைவலியும் மயக்கமும் வருகின்றன. உயர நோயா, வெறும் வறட்சியா என்று பிரித்தறியவும் முடியாமல் போகிறது. ஒரு முழு நாள் பொக்காராவில் இருந்தால் தண்ணீர் ஏறும், கால் வீக்கம் வடியும், வயிறு நேராகும். கனமான ஜாக்கெட்டை ஏரிக்கரைக் கடைகளில் வாடகைக்கு எடுக்கலாம். சென்னையில் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. யார் மேலே வரலாம், யார் வரக் கூடாது என்று கடைசியாகப் பார்த்து முடிவெடுக்கவும் அதுதான் இடம், மருத்துவமனை உள்ள கடைசிப் பெரிய ஊர் அது.

மேகமும் நிலச்சரிவும் உங்கள் நோட்டீஸைப் படித்துவிட்டு வருவதில்லை என்பது அடுத்த காரணம். பொக்காராவிலிருந்து ஜோம்சோம் விமானம் இருபது நிமிடப் பறப்புதான், ஆனால் மேகம் வந்தால் அன்றைக்கு ரத்து. 2022 மே 29 அன்று அந்தத் தடத்தில் சென்ற விமானம் மலையில் மோதி 22 பேரும் இறந்தார்கள். கெட்ட வானிலையில் பறக்கும்படி யாரும் யாரையும் நெருக்கக் கூடாத தடம் அது. சாலையும் அப்படித்தான். 2024 ஜூலை 12 அன்று நாராயண்காட் – முக்லிங் சாலையில் சரிந்த மண் இரண்டு பஸ்களைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பொக்காராவிலிருந்து காத்மாண்டு போன இந்திய யாத்ரீகர் பஸ் மர்ஸ்யாங்தி ஆற்றில் விழுந்து 27 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவர்கள். 2025 செப்டம்பர் போராட்டத்தின்போது காத்மாண்டு விமான நிலையமே மூடிக் கிடந்தது. கையில் ஒரு நாள் மிச்சம் இல்லாத திட்டத்தில் இப்படி எது நடந்தாலும் டிரைவர் இரவில் ஓட்டித்தான் ஈடுகட்டுவார்.

ஏரியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. பேவா ஏரியை நீங்கள் காட்டும் நேரமே தப்பு. அன்னபூர்ணா 8,091 மீட்டர், மீன்வால்போல் பிளந்து நிற்கும் மச்சபுச்சரே 6,993 மீட்டர். மச்சபுச்சரே ஏரிக்கு வடக்கே சுமார் முப்பது கிலோமீட்டரிலும், அன்னபூர்ணா அதற்கும் அப்பாலும் எழுந்து நிற்கின்றன. ஆனால் அவற்றைப் பார்க்க விடியல்தான் நேரம். பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கின் ஈரம் மேலேறி மேகமாகி மலையை மூடிவிடும். தண்ணீரில் சிகரம் தெரிவதும் காற்று கிளம்பி அலையடிக்கும்வரைதான். நீங்கள் பதினொரு மணிக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் தெரிவது நம் ரெட்டேரியைவிடப் பெரிய ஓர் ஏரி, அவ்வளவே. காலை ஆறு மணிக்கு வராகி படித்துறைக்கு வந்துவிட வேண்டும். அங்கிருந்து துடுப்புப் படகில் நடுத்தீவுக் கோயிலுக்குப் போய்த் தால் வராகி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, கரையோரமாக ஒரு சுற்று வந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். புடவைமேல் லைஃப் ஜாக்கெட் போட அம்மாக்கள் மறுப்பார்கள். போடாதவரைப் படகில் ஏற்ற வேண்டாம். விடியலை மலைமேலிருந்து பார்க்க விரும்புகிறவருக்குச் சாரங்கோட் இருக்கிறது, 1,600 மீட்டர். ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். ஏரிப் பக்கத்திலிருந்து கேபிள் காரும் போகிறது. முட்டி வலிக்காரருக்கு அது வரம், விடியலுக்கு முன் ஓடுமா என்று மட்டும் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஃபிளெக்ஸில் பொங்கி விழும் தேவி அருவியும் பளிச்சென்ற பனிமலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே பயணத்தில் இரண்டும் வாய்ப்பது அரிது. பொக்காரா நேபாளத்திலேயே மழை மிகுந்த ஊர்களில் ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை அருவி நிறைந்து பாதாளத்துக்குள் விழும், அப்போது மலை தெரியாது. மலை தெரியும் நவம்பரில் அருவி இளைத்துவிடும். எதிரே உள்ள குப்தேஷ்வர் குகையின் படிகள் எப்போதும் ஈரம். முட்டி வலிக்காரரை அதன் அடிவரை இறக்க வேண்டாம், மேலே உள்ள சிவன் சன்னதியே போதும். (வாழைப்பட்டைத் தொன்னையில் தீபம் ஏற்றிப் பேவா ஏரியில் விடும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஆகாயத்தாமரையோடு அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.)

மாதத் தேர்வும் சரியில்லை. பெருமாள் மாதம் என்று புரட்டாசியில் மூன்று குழு போட்டிருக்கிறீர்கள். பக்திக்குப் பொருந்தும், பாதைக்குப் பொருந்தாது. செப்டம்பர் கடைசி அங்கே பருவமழையின் வால். 2024 செப்டம்பர் 26 முதல் 28 வரை பெய்த மழையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தது புரட்டாசியில்தான். நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைனும் பெரும்பாலும் அதே சமயம் வரும். டிரைவர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், கிடைக்கும் ஜீப்பின் வாடகை ஏறிவிடும். ஐப்பசி நல்லது. ஆனால் அப்போது நமக்கு வடகிழக்குப் பருவமழை. வியாசர்பாடியிலும் கொளத்தூரிலும் தரைத்தள வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வரத் தயங்குவார்கள், நியாயம்தான். அவர்களுக்குப் பங்குனியில் ஒரு குழு போடுங்கள். சித்திரைக்குத் தள்ளினால் காட்டுத்தீப் புகை மலையை மறைக்கும்.

சமையல் உங்கள் பெருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரயிலில் கேஸ் சிலிண்டர் ஏற்றுவதை இன்னும் சிலர் விடவில்லை. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில்பெட்டியில் இப்படிக் கொண்டுவந்த சிலிண்டரால் ஒன்பது பேர் கருகினார்கள். சிலிண்டரைப் பொக்காராவில் வாங்கிக்கொள்ளலாம். மேலே போகப் போக இன்னொரு சிக்கல். தண்ணீர் ஜோம்சோமில் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும், முக்திநாத்தில் 88. திறந்த அண்டாவில் துவரம்பருப்பை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் விதைபோல் நிற்கும். வேகாத பருப்பு வயிற்றைக் கெடுக்க, அந்த வயிற்றுப்போக்கில் உடம்பின் தண்ணீர் வற்றிப்போகும். காலோபானிக்கு மேல் எல்லாமே குக்கரில்தான், அரிசி உட்பட. குளிரில் இட்லி மாவு புளிக்காது. ரவா உப்புமாவும் மிளகு ரசமும் போதும். சின்ன லாட்ஜ்களில் வெந்நீர் சூரிய ஹீட்டரிலிருந்துதான் வருகிறது. அது மாலையில் கொதிக்கும், காலையில் பச்சைத் தண்ணீர். ஆகவே குளியலை மாலைக்கு மாற்றுங்கள்.

காகித விஷயத்தில் நடக்கும் குளறுபடி வேறு. விமானத்தில் நேபாளம் போகும் இந்தியருக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். பதினைந்து வயதுக்குக் கீழும் அறுபத்தைந்துக்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் ஆதார் செல்லும். 'ஆதார் போதும்' என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லி, அறுபத்திரண்டு வயதுக்காரரை விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்புவது இனி நடக்கக் கூடாது. பணத்தில், நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலையான கணக்கு. அதற்குக் குறைத்துக் கொடுத்தால் தரகர் சாப்பிடுகிறார் என்று பொருள். நூறுக்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை 2018 டிசம்பரில் நேபாளம் தடை செய்ததிலிருந்து விதி மாறிக்கொண்டே வருகிறது. ஆகவே நூறு ரூபாய்த் தாள்களாகவே எடுத்துவரச் சொல்லுங்கள். நகரத்துக் கடைகளில் க்யூஆர் வைத்து யுபிஐயில் கட்டலாம், ராணிபௌவாவில் சிக்னலை நம்பி நிற்க முடியாது. தமிழக அரசின் காப்பீட்டு அட்டை எல்லைக்கு இந்தப் பக்கத்தோடு சரி. ஹெலிகாப்டர் மீட்பு அடங்கிய பயணக் காப்பீடு இல்லாமல் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.

இனி, நீங்கள் செய்ய வேண்டியவை.

ராணிபௌவா இரவுத் தங்கலை நோட்டீஸிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் போகும்போது ஓர் இரவும் வரும்போது ஓர் இரவும் 2,800 மீட்டருக்குக் கீழே. பொக்காராவில் ஏறுமுன் இரண்டு இரவு, இறங்கிய பின் ஓர் இரவு. வானிலைக்கென்று ஒரு நாள் எந்த ஊர்க் கணக்கிலும் சேராமல் கையிருப்பாக இருக்கட்டும். அது செலவாகாமல் போனால் ஏரிக்கரையில் கழியட்டும். இதனால் கட்டணம் கூடுமென்றால் கூட்டுங்கள். ஜீப், அன்னபூர்ணா பகுதி அனுமதிச் சீட்டு, குதிரை என்று பொக்காராவில் வைத்துத் தனித்தனியாகக் கைநீட்டி வாங்குவதைவிட, முழுத் தொகையையும் முதலிலேயே சொல்லிவிடுவது உங்களுக்கும் கௌரவம்.

மலைப்பகுதியில் ஓட்ட அந்த ஊர் டிரைவரையே அமர்த்துங்கள். இருட்டிய பின் வண்டி ஓடக் கூடாது. ஜீப்பில் இருக்கைக்கு ஓர் ஆள், மடியில் ஆள் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறை உள்ள இடத்தில் நிறுத்துவதை எழுதிக் கொடுங்கள். அதை நம்பித்தான் பெண்கள் தண்ணீர் குடிப்பார்கள்.

அறுபது வயது தாண்டிய ஒவ்வொருவருக்கும் டாக்டர் சான்று கேளுங்கள். ஸ்டான்லியிலோ தெரு முனை டாக்டரிடமோ எங்கே வாங்கினாலும் சரி, 3,700 மீட்டர் உயரம் என்ற வார்த்தையைச் சொல்லி வாங்கச் சொல்லுங்கள். 'டூர் போறேன்' என்று மட்டும் சொன்னால் டாக்டருக்குத் தெரியாது. மாத்திரையும் இன்சுலினும் கைப்பையில் இருக்கட்டும்; பஸ் கூரையில் ஏற்றும் பையில் போட்டால் வேண்டிய நேரத்தில் கிடைக்காது, இன்சுலின் உறைந்தால் வீண். மேலே வர வேண்டாம் என்று நீங்கள் நிறுத்துகிறவருக்குப் பொக்காராவில் துணைக்கு ஓர் ஆள் விடுங்கள், மேலே செலவாகாத தொகையைத் திருப்பிக் கொடுங்கள். பணம் போய்விடும் என்ற பயத்திலேயே பாதிப் பேர் நெஞ்சுவலியை மறைக்கிறார்கள்.

விமானமோ சாலையோ ரத்தானால் எவ்வளவு பணம், எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதை ரசீதின் பின்புறம் தமிழில் அச்சடியுங்கள். காத்மாண்டு இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணும் அங்கேயே இருக்கட்டும்.

முதல் குழுவுக்கு முன்பணம் வாங்கத் தொடங்கும் முன் திருத்திய திட்டத்தை நோட்டீஸ் ஒட்டிய அதே இடங்களில், அதே அளவு எழுத்தில் ஒட்டுங்கள். அதுவரை எங்கள் தெருக்களில் யாரும் பெயர் கொடுக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லத் தொடங்கிவிட்டோம்.

இப்படிக்கு,
முக்திநாத் போய்வந்த வடசென்னை யாத்ரீகர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை